மெஷினின் நெற்றி

திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று செய்தித்தாள்மேல் உருண்டபோதெல்லாம் மங்கையர்க்கரசிக்கு வயிற்றுக்குள் இனிப்பாக ஏதோ இறங்கியது. முடிதான். முடியாகத்தான் இருக்கும். வேறு என்னவாக இருந்துவிடப் போகிறது. சர்வீஸ்காரன் நவநீதன் கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேக்குவம் கிளீனரை மடியில் கவிழ்த்துப் பார்த்தான், தொப்பை இடித்தது, மெஷினைத் தள்ளி வைத்தான், அப்புறம் கை எட்டவில்லை என்று பக்கத்தில் இழுத்தான், இப்படியே பாதி நேரம் போனது. அவள் நாற்காலியை அவனுக்கு எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பிணத்தை அறுக்கும் இடத்தில் போலீஸ்காரர் காத்திருக்கிற மாதிரி. செத்தது மெஷின். கொன்றது யார் என்று அவளுக்குத் தெரியும். ஒன்று கறுப்பு, பேர் மிளகு. இன்னொன்று வெள்ளை, கிழடு, ஒரு கண்ணில் பூ விழுந்தது, பேர் ரவை. அடுப்படி டப்பாவில் இருக்க வேண்டிய பேரெல்லாம் இந்த வீட்டில் நாலு காலில் நடக்கின்றன. ஆள் வந்தால் குரைக்கும் என்று இரண்டையும் கயிற்றில் கட்டி ஆற்றுப் பக்கம் கூட்டிப் போயிருந்தாள் தங்கை திலகவதி. அவள் திரும்புவதற்குள் இந்தத் தொப்பைக்காரன் வாயிலிருந்து முடி என்ற ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் போதும். செய்த சத்தியப்படி இரண்டு நாயும் அன்றைக்கே வீட்டைவிட்டு வெளியே.

சத்தியம் என்றால் வாய்ச் சத்தியம் இல்லை, சூடத்தில் அடித்த சத்தியம். பெங்களூரில் துணிக் கம்பெனி வேலையை விட்டு, புருஷனைக் கோர்ட்டோடு விட்டு, அவனுக்குப் பதிலாக இந்த இரண்டையும் இழுத்துக்கொண்டு திலகம் உறையூர் ஃபிளாட்டின் வாசலில் வந்து நின்ற அன்றே மங்கை அப்பா படத்துக்கு முன்னால் சூடத்தை ஏற்றிவிட்டாள். நாய்க்கு நான் எதிரி இல்லை என்று ஆரம்பித்தாள். அதுவே பொய். என் வீடு, என் தரை, நான் ரிட்டையர் ஆனதும் ஆசைப்பட்டு வாங்கிய மெஷின், அது ஓடுகிறவரை இதுங்க இருக்கட்டும், இதுங்க மயிர் அடைத்து மெஷின் நின்னுச்சுன்னா அன்னிக்கே ரெண்டும் வெளிய, அடி சத்தியம். திலகம் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து ஒரே அடி. அணைந்தது. புகை அப்பா முகத்துக்குப் போனது. அந்த வேகம்தான் மங்கைக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் கெஞ்சியிருக்கலாம். வாயில்லாத ஜீவன் அக்கா, நான் வேறெங்கே போவேன் அக்கா என்று நாலு வார்த்தை கேட்டிருந்தால், இவள் நாலு வார்த்தை திட்டிவிட்டு, சரி கிட என்று விட்டிருப்பாள். அந்தப் பேச்சுக்கு இடமே கொடுக்காமல் அடித்து அணைத்துவிட்டுப் போய்க் கையைக் குழாயில் காட்டினாள். சின்ன வயதிலிருந்தே அப்படி. அடி வாங்கினால்கூட அழமாட்டாள், அடித்தவளை அழ வைப்பாள்.

முடி எங்கே இருக்கிறது என்று கேட்காதே, எங்கே இல்லை என்று கேள். இட்லி மாவில் இருந்தது. மூக்குக் கண்ணாடிக் கூட்டில் இருந்தது. விபூதித் தட்டில், பிள்ளையார் தலையில், கட்டிமுடித்து பீரோவில் பூட்டி வைத்த பட்டுப் புடவையின் மடிப்பில், பூட்டிய பீரோவில் எப்படி என்று கேட்டால் பதில் இல்லை. வெள்ளைப் புடவை கட்டினால் மிளகின் முடி தெரியும், கறுப்பு கட்டினால் ரவையின் முடி தெரியும். பார்த்துப் பார்த்துத்தான் ஆண்டவன் இரண்டு நிறத்தில் அனுப்பியிருக்கிறான். நாயைக் குளிப்பாட்டி நடு வீட்டில் வைத்தாலும் அது போகிற இடத்துக்குத்தான் போகும் என்று சொன்னவர்கள் இந்த நாய்களைப் பார்க்கவில்லை. இதுகள் எங்கேயும் போவதில்லை, நடு வீட்டிலேயே மல்லாக்கப் படுத்துக் கிடக்கின்றன. மெஷின் சத்தம் கேட்டால் மட்டும் மிளகு கட்டிலுக்கு அடியில் ஓடும். கிழடு ஓடாது. மெஷின் வருகிற வழியிலேயே உட்கார்ந்திருக்கும், பூ விழுந்த கண்ணால் அவளைப் பார்த்தபடி. அதன் வாலைச் சுற்றி, காதைச் சுற்றி அவள்தான் குழாயை வளைத்து ஓட்ட வேண்டும். வேண்டுமென்றே ஒரு தடவை அதன் முதுகிலேயே வைத்து உறிஞ்சினாள். அது சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது. அந்த அவமானத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"வீட்ல நாய் இருக்குங்களா?" என்றான் நவநீதன், தலையைத் தூக்காமல். அவள் நாற்காலியில் நிமிர்ந்தாள். "ரெண்டு இருக்குங்க. ஏன் கேக்கறீங்க?" "சும்மாத்தான் மேடம். வாசல்ல தண்ணிக் கிண்ணம் பார்த்தேன்." சும்மாவாம். இவன் சும்மா கேட்பதற்கா இத்தனை தடவை போன் போட்டு வரவழைத்தாள். பாத்து நல்லா திறந்து பாருங்க என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டாள். ரொம்பவும் ஆசைப்பட்டால் சாட்சி கலைந்துவிடும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு அது தெரியும். ஹலோ என்கிற ஒரு சொல்லில் கடன்காரனா, காதலனா, சாவுச் செய்தியா என்று சொல்லிவிடுவாள். குரலில் மறைக்க முடியாது. திலகத்திடம் இரண்டு குரல் இருக்கிறது. ஒன்று அக்காவுக்கு. "சாப்பாடு ஆச்சு." "மோட்டார் போட்டாச்சு." "வெளிய போறேன்." வெளியூருக்கு டிரங்க் கால் போட நம்பர் சொல்கிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள், நிமிஷத்துக்குக் காசு ஏறுமே என்று. இன்னொன்று நாய்களுக்கு. என் பட்டு, என் வைரம், வெயில்ல படுக்காதடி கண்ணு, கால் வலிக்குதா, இங்க வா, அம்மாகிட்ட வா. அடுத்த அறையில் மங்கை புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தக் குரல் அவளுக்குப் பழக்கமானது. ரயில்வே காலனி வீட்டில் இடி இடிக்கிற நாளில் அந்தக் குரல்தான், அக்கா நான் உன்கூடப் படுத்துக்கட்டுமா என்று போர்வைக்குள் வந்தது. இப்போது அது தரையோடு தரையாக, நாயின் காதுக்குள் போகிறது. ஒரு மனுஷிக்கு வர வேண்டிய குரலை இரண்டு மிருகம் பங்கு போட்டுத் தின்கின்றன. அதுதான் ஆத்திரம், முடியில்லை, சரி, முடியும்தான். நாய் போனால் அந்தக் குரல் எங்கே போகும், இங்கேதான் வர வேண்டும், வேறு ஆள் யார் இருக்கிறார்கள் இந்த வீட்டில். நாய் போனால் திலகம்,

நாய் போனால் திலகம் என்று நினைத்தாலே நினைப்பு அந்த இடத்தில் இடறி நின்றுவிடுகிறது. திருகாணியில் மரை போன மாதிரி, சுற்றிச் சுற்றி வருகிறது, உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. சரி, வேறு நினை. மெஷினை நினை. என்ன மெஷின் அது. வாங்கி வந்த அன்று கூடத்தில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கடைசல் மெஷினில் நின்றவர். மெஷினுக்கு மரியாதை தெரிந்த வீடு இது. ஆயுத பூஜை வந்தால் வீட்டில் தையல் மெஷின், மிக்ஸி, சைக்கிள், இஸ்திரிப் பெட்டி எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். அப்பா வைக்கிற சந்தனம் தண்ணியாக இருக்காது, வெண்ணெய் மாதிரி கெட்டியாக இருக்கும். போன வருஷச் சந்தனத்தை அழிக்க விடமாட்டார். "பழசு மேலயே புதுசு வைக்கணும்மா. அப்பதான் மெஷினுக்கு ஆயுசு ஏறும்." அவள் அதை ஒரு வருஷமும் விட்டதில்லை. திலகம் விட்டாள். பெங்களூரில் மிக்ஸிக்கு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியவள் அவள். போன ஆயுத பூஜைக்கு மங்கை மெஷினுக்குச் சந்தனம் குழைத்தபோது திலகம் கிழட்டு நாயின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். இவள் போட்ட கூச்சலில் பக்கத்து ஃபிளாட் கதவு திறந்தது. அந்தப் பாவம்தான், அந்த அபச்சாரம்தான் பூஜை கழிந்து கார்த்திகை வருவதற்குள் மெஷினைக் கொண்டு போனது என்று அவளுக்குள் ஒரு கணக்கு உண்டு. நின்ற அன்றைக்கு என்ன சத்தம். முதலில் இழுக்க மாட்டாமல் முனகியது. அப்புறம் ஓலம். அப்புறம் ஒன்றுமில்லை. வாடை மட்டும் வந்தது. வயர் கருகிய வாடையோடு வேறு ஏதோ ஒன்று, கோயில் மாதிரி, பக்கத்து வீட்டில் ஊதுபத்தி ஏற்றியிருக்கிறார்கள் போல என்று அப்போது நினைத்தாள். திலகம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நின்னுடுச்சா?" என்றாள். "நின்னுடுச்சு" என்றாள் இவள். இரண்டு பேரும் கிழட்டு நாயைப் பார்த்தார்கள். அது வாலை ஆட்டியது.

அன்றிலிருந்து திலகம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. துடைப்பத்தை எடுத்துத் தினமும் கூடத்தைப் பெருக்கினாள், முடியை உருட்டிக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டாள், போட்டுவிட்டு மாடி பால்கனியில் நின்று யாரிடமோ போனில் பேசினாள், மெதுவாக, எக்ஸ்சேஞ்சுக்காரியின் காதுக்கும் எட்டாத அளவுக்கு. யாரோடு? என்ன பேச்சு? நாய் போனால் திலகம், சீ. இருப்பாள். எங்கே போவாள். வயது ஐம்பத்தைந்து, வேலை இல்லை, புருஷன் இல்லை, போக்கிடம் இல்லாமல்தானே அக்கா வீட்டுக்கு வந்தாள். பத்து நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அழுவாள், இல்லை, அழமாட்டாள். அப்புறம் ஒரு நாள் மழை வரும், இடி இடிக்கும், அப்புறம் சரியாகிவிடும். ஆனால் அவள் வருவதற்கு முன்னால் இருந்த வருஷங்கள் இருக்கின்றனவே, அவை சரியாக இல்லை. அப்பா போன பிறகு இந்த வீட்டில் சத்தம் என்பது ஃபிரிட்ஜின் சத்தம் மட்டும்தான். காலையில் பால்காரரிடம் அரை லிட்டர் போதும் என்று சொல்லும்போது குரல் பாதியில் உடையும், முந்தின நாள் காலையில் அவரிடமே பேசியதற்கப்புறம் தொண்டை திறக்கவே இல்லை என்பதால். ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தவளுக்கு ஒரு லைன் இல்லை. சும்மா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து டயல் டோனைக் கேட்டுக்கொண்டு நின்ற நாளும் உண்டு. தரையில் அப்போது ஒரு முடிகூட இருக்காது. முகம் பார்க்கலாம். தன் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"வந்துடுச்சு மேடம்" என்றான் நவநீதன். உள்ளேயிருந்து தூசிப் பையை உருவி எடுத்துச் செய்தித்தாளில் கொட்டினான். கொட்டினால் ஒரு மூன்றாவது நாயே விழுந்தது. கறுப்பும் வெள்ளையுமாகப் பந்து பந்தாக முடி. மங்கைக்குக் கை தட்ட வேண்டும் போல் இருந்தது. "மோட்டார் காயில் கருகிப் போச்சு. கட்ட முடியாது. வீட்ல நாய் வளர்த்தா இப்படித்தான் மேடம், முடி அடைச்சுக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதை." சொல்லிவிட்டான்! ஒரு தடவைகூட மோட்டாரை உற்றுப் பார்க்காமல், மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான், பரவாயில்லை, சொன்னானே. "இப்ப நாய் இருக்கற வீட்டுக்குன்னே தனியா ஒரு மாடல் வந்திருக்கு. முடியை அப்படியே சுருட்டி எடுத்துடும். புக் பண்ணிடலாமா? இதை நானே எடுத்துக்கறேன்." "நாய் இருக்கற வீட்டு மாடல் இங்க எதுக்கு? சாதாரணமா ஒண்ணு சொல்லுங்க" என்றாள் மங்கை, கம்பீரமாக. "இனிமே இது நாய் இல்லாத வீடு." அவன் தோளைக் குலுக்கினான். அவனுடைய போன் அடித்தது. உள்ளே சிக்னல் எடுக்கவில்லை என்று பால்கனிக்குப் போனான். அங்கிருந்து வேறு ஏதோ வீட்டம்மாவிடம் வேறு ஏதோ மெஷினுக்கு அதே குரலில் அதே பாட்டைப் பாட ஆரம்பித்தான்.

ஜெயித்தாயிற்று. ஜெயித்தவள் எழுந்து நின்றாள், நின்றதும் என்ன செய்வது என்று தெரியவில்லை, காலால் அந்த முடிப் பந்தை ஒதுக்கினாள். அதற்குப் பக்கத்தில் மெஷினின் பின்பக்க மூடி கவிழ்ந்து கிடந்தது. ஒழுங்காக வைப்போமே என்று குனிந்து புரட்டினாள். பார்த்தாள். நெற்றி. மெஷின் வாங்கிய வருஷம் ஆயுத பூஜையன்று இதற்கு நெற்றி எது என்று அவளுக்குக் குழப்பம் வந்தது. முன்னால் குழாய் செருகுகிற இடம் வாய். அப்படியானால் பின்னால் வரிவரியாகக் கோடு போட்டிருக்கிற இடம்தான் நெற்றி. பட்டை போடுவதற்கென்றே கம்பெனிக்காரன் கோடு கிழித்துக் கொடுத்திருக்கிறான் என்று சந்தோஷப்பட்டு, அந்தக் கோடுகளின் மேலேயே மூன்று விரலால் கெட்டியாக இழுத்தாள். மறு வருஷம் அதன்மேல். அதற்கு மறு வருஷம் அதன்மேல். பழசு மேலயே புதுசு. ஒர்க்‌ஷாப்பில் காய்ச்சின இரும்பு மாதிரி இறுகிப்போய் ஒரு விரற்கடை கனத்துக்கு நின்றது சந்தனம், நடுவில் குங்குமம் கறுத்து. அவை கோடுகள் இல்லை. துவாரங்கள். மூடியின் உள்பக்கத்தைத் திருப்பினாள். ஒவ்வொரு துவாரத்திலும் சந்தனம் பிதுங்கி, வெந்து, விளிம்பெல்லாம் கருகியிருந்தது. இந்த வழியாகத்தான் சூடான காற்று வெளியே வந்திருக்க வேண்டும். புதுசில் வந்தது, காலில் படும், வெதுவெதுப்பாக இருக்கும். எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. மூக்கின் அருகே கொண்டுபோனாள். கோயில் வாடை. பக்கத்து வீட்டு ஊதுபத்தி இல்லை. பையில் இருந்த முடி பையிலேதான் இருந்தது, பத்திரமாக, சமர்த்தாக. அது எதையும் அடைக்கவில்லை. மூச்சு விடுகிற இடத்தில் பூசி அடைத்தவள் யார், அப்பாவின் கெட்டிச் சந்தனத்தைப் பக்தியோடு, வருஷா வருஷம். நெற்றி என்று நினைத்து மூக்கை அடைத்திருக்கிறாய். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இந்த மெஷின் உன் பக்தியால் கெட்டது மங்கை.

அதற்கப்புறம் அவள் கை யோசிக்கவில்லை, தானாக வேலை செய்தது. பால்கனியில் அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவனுடைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். சுரண்டினாள். சந்தனம் பொடிப் பொடியாக உதிர்ந்தது, பையிலிருந்து கொட்டிய தூசியோடு தூசியாகக் கலந்து மறைந்தது. யாருக்குத் தெரியும். முடி என்று கம்பெனி ஆளே சொல்லிவிட்டான், அவள் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான், பொய் என்றால் அது அவன் பொய். அவள் செய்ததெல்லாம் துடைத்தது மட்டும். அழுக்கைத் துடைப்பது அவள் சுபாவம், ஊருக்கே தெரியும். அவனுடைய எண்ணெய் அழுக்குத் துணியை எச்சிலில் நனைத்து உள்ளும் புறமும் தேய்த்தாள், கருகலும் போகும்வரை, பளபளத்தது, கண்ணாடிபோல் ஆனது. சூடத்தில் அடித்த கை திலகத்தினுடையது, தன்னுடையது இல்லை. நாய் போகட்டும். நாய் போனால் திலகம், போகட்டும், போகமாட்டாள், போவாளா. கடைசியாக ஒரு துண்டு மட்டும் நடு வரியிலிருந்து முழுசாகப் பெயர்ந்து வந்தது, நாலணா அகலத்தில், குங்குமப் புள்ளியோடு. அதை எறிய மனசு வரவில்லை. அப்பா முகம் மாதிரி இருந்தது அது. கைக்குள் மூடிக்கொண்டு நாற்காலியில் உட்காரவும் படிக்கட்டில் நகங்கள் உரசுகிற சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

மிளகு முதலில் வந்தது, சர்வீஸ்காரனின் பையைப் பார்த்துக் குரைத்தது. பின்னால் கிழடு. அதற்குப் பின்னால் திலகம், வியர்த்து, இரண்டு கயிற்றையும் ஒரே கையில் சுற்றிக்கொண்டு. தரையில் கிடந்த முடிக் குவியலைப் பார்த்தாள். பால்கனியிலிருந்து வந்த நவநீதனைப் பார்த்தாள். "என்ன சொல்றீங்க?" என்றாள். "முடிதாங்க. அடைச்சு மோட்டார் போயிடுச்சு." திலகம் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். கெஞ்சவில்லை. "சரி" என்றாள். டிரங்க் கால் குரல். "சொன்னா சொன்னதுதான்." சமையலறைக்குப் போய் இரண்டு சாப்பாட்டுக் கிண்ணங்களையும் கழுவி, கவிழ்த்து, தண்ணீரை உதறி ஒரு பைக்குள் வைத்தாள். முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தவள் மாதிரி எல்லாம் கைக்கெட்டிய இடத்தில் இருந்தது. "என்கூட வேலை செஞ்ச செல்வராணிக்கு மணப்பாறைல தோட்டம் இருக்கு. போன வாரமே பேசிட்டேன். கொண்டு வந்து விடுன்னா. எனக்கும் ஒரு ரூம் தர்றேன்னா." "உனக்கா?" என்றாள் மங்கை. "ஆமாக்கா. புது எடத்துல நான் இல்லாம இதுங்க சாப்பிடாது. துணிமணியை அப்புறம் வந்து எடுத்துக்கறேன்."

நாய் போனால் திலகமும் போய்விடுவாள். இத்தனை நாளும் இடறி இடறி நின்ற வாக்கியம் இப்போது ஒரு தடங்கலும் இல்லாமல் கடைசிவரை போய் முற்றுப்புள்ளி வைத்துக்கொண்டது. மங்கைக்குக் காதில் டயல் டோன் கேட்டது. ஃபிரிட்ஜ்தான், அது ஃபிரிட்ஜின் சத்தம். தெரியும், ஆரம்பத்திலிருந்தே தெரியும், அதனால்தான் நினைக்கவில்லை. பயமாக இருந்தது. வெட்கமில்லாமல், சின்னப் பிள்ளை மாதிரி பயமாக இருந்தது. சொல்லிவிடு. கையை நீட்டு. இந்தத் துண்டைக் காட்டு, இதோ பார் என்று. அவள் கையைத் திறந்தாள், உள்ளங்கையை மேலே காட்டி நீட்டினாள், திலகம் பையின் வாயைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். ஈரமாக ஏதோ பட்டது. கிழடு. பூ விழுந்த கண்ணோடு வாசனை பிடித்துக்கொண்டு வந்து, அவள் மடியில் தாடையை வைத்து, நீட்டிய கையில் இருந்ததை ஒரே நக்கில் எடுத்துக் கடக்கென்று கடித்து விழுங்கிவிட்டது. தன்னைக் காப்பாற்ற இருந்த ஒரே சாட்சியைத் தானே தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று விரலிடுக்கையும் நக்கியது. திலகம் திரும்பினாள். பார்த்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "கையால தின்னக் குடுத்தியா?" என்றாள். "போற அன்னிக்கா உனக்கு மனசு வந்துச்சு."

"முடி இல்லடி" என்றாள் மங்கை. குரல் பால்காரரிடம் உடைகிற மாதிரி உடைந்தது. "சந்தனம். நான் வெச்ச சந்தனம்தான் அடைச்சது. வருஷா வருஷம் அந்த ஓட்டை மேலயே பூசியிருக்கேன். உன் நாய் ஒண்ணும் பண்ணல."

திலகம் மூடியை எடுத்துப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள். "பளிச்சுனு இருக்கு. சந்தனம் எங்க?"

"தொடச்சிட்டேன்."

"எதுக்கு?"

"உனக்குத் தெரியக் கூடாதுன்னு."

"அப்ப இப்ப எதுக்குச் சொல்றே?" "இவரைக் கேளு" என்று மங்கை நவநீதனைக் காட்டினாள். "சொல்லுங்க, சந்தனம் இருந்துச்சா இல்லையா?" "நான் கவனிக்கலீங்க" என்றான் அவன். "எல்லா வீட்லயும்தான் பொட்டு வைக்கறாங்க. முடிதான் மேடம், எழுதிக் குடுக்கணும்னாலும் குடுத்துடறேன்." "என் கையை மோந்து பாருடி!" திலகம் நிஜமாகவே குனிந்து மோந்து பார்த்தாள். "நாய் எச்சில் வாடைதான் வருது" என்றாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "உனக்குப் பொய் சொல்ல வரல அக்கா. அந்தக் காலத்துலயே வராது. என்மேல பரிதாபப்பட்டு வெச்சுக்க வேணாம். பிச்சைல எனக்கு இருக்கத் தெரியாது." வாழ்நாளில் முதல்முறையாக உண்மையைத் தானாக வாயைத் திறந்து சொன்னதற்கு இதுதான் கிடைத்தது: கருணை என்று பேர். மங்கைக்குக் கருணையெல்லாம் இல்லை. கோபம்தான் வந்தது, மண்டைக்கு ஏறியது. பூசியது தான், துடைத்ததும் தான், நம்பாமல் போவது அவள்! கிழட்டு நாயின் கயிறு நாற்காலிக்கு அடியில் நீண்டு கிடந்தது. அதன் அடுத்த முனையைத் திலகம் மறுபடி கையில் எடுத்தாள். அவள் இழுத்தாள். மங்கை எழுந்து கயிற்றின்மேல் காலை வைத்து அழுத்தினாள்.

"காலை எடு அக்கா."

"எடுக்க மாட்டேன்."

"சூடத்துல அடிச்சிருக்கேன். எடு."

"முடி அடைச்சு நின்னாத்தானே சத்தியம். முடி அடைக்கல. நம்பினா நம்பு, நம்பாட்டி போ. போயேன் பாப்போம், இது என் காலடியில இருக்கு." கத்தினாள், பக்கத்து ஃபிளாட் கதவு திறக்கிற சத்தம் கேட்டது, கேட்கட்டும். "இது போனா நீயும் போயிருவேடி. நீ போனா நான் யார்கிட்டடி சண்டை போடுவேன்? பால்காரர்கிட்டயா?" கயிறு இரண்டு பக்கமும் விறைத்து நின்றது. நடுவில் ரவை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லை என்று மங்கையின் பாதத்தின்மேலேயே படுத்துக்கொண்டது. கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது அது, புதுசில் மெஷினிலிருந்து வந்த காற்று மாதிரி. அவள் நவநீதன் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன வேடிக்கை பாக்கறீங்க? நாய் இருக்கற வீட்டுக்குன்னு ஒண்ணு சொன்னீங்கல்ல. அதைப் போடுங்க."

அவன் கம்பெனிக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள், போனைக் கையால் பொத்திக்கொண்டு, "வீட்ல எத்தனை நாய்னு கேக்கறாங்க, என்ன சொல்லட்டும்?" என்றான். இரண்டு பேரில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டான். அது மங்கை சொல்ல வேண்டிய பதில் இல்லை. ஃபிரிட்ஜ் சத்தம் போட்டது. மிளகு ஒரு தடவை தும்மியது. காலடியில் இழுத்துக்கொண்டிருந்த கயிறு மெல்லத் தளர்ந்து தரையில் படிந்தது.

"ரெண்டு" என்றாள் திலகம்.

டிரங்க் கால் குரல் இல்லை அது. நாய்களுக்கான குரலும் இல்லை. எது என்று மங்கைக்குப் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவள் காலை எடுக்காமலே நின்றாள்.